வாக்கியம் சுருங்கியது, குரல் ஓங்கியது: ஜேம்ஸ் எல்ராய்

1958 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே எல் மான்டே என்ற ஊர். வார இறுதியை அப்பாவோடு கழித்துவிட்டு வீடு திரும்பும் 10 வயதுப் பையன் வாசலில் போலீஸ்காரர்களைப் பார்க்கிறான். அவனுடைய அம்மா கொலையாகிவிட்டார். சற்று நேரத்தில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் அவனைப் பக்கத்து வீட்டுக் கருவிக் கொட்டகைக்குள் அழைத்துப் போகிறார். பணிமேசை முன்னால் நிறுத்தி, கையில் ஒரு குத்தூசியைப் பிடிக்க வைத்துப் படம் எடுக்கிறார். தாயை இழந்த சிறுவன் ஏதோ மரவேலையில் மூழ்கியிருப்பதுபோல ஒரு தோற்றம் அந்தப் படத்தில் உண்டாகிவிடுகிறது.

அந்தப் பையன்தான் பிற்பாடு ஜேம்ஸ் எல்ராய் என்ற பெயரில் அமெரிக்கக் குற்ற நாவலின் மிக உரத்த குரலாக ஆனார். கேமராவுக்கு முன்னால் எப்படி நிற்பது என்பதை அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அம்மாவின் சாவு. இதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், அவர் நடையில் நிகழ்ந்த மாற்றங்களும் மேடையில் அவர் போட்டுக்கொண்ட வேடமும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பது தெரியும். விமர்சகர்கள் பலர் நடையைத் தனியாகவும் வேடத்தைத் தனியாகவும் பேசுகிறார்கள். நடையைப் புகழ்ந்துவிட்டு வேடத்தை விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்குகிறார்கள். அதில் ஒரு முக்கியமான விஷயம் நழுவிவிடுகிறது. அவர் வாக்கியம் சுருங்கச் சுருங்க மேடைக் குரல் பெருத்தது. பிறகு வாக்கியம் இளகத் தொடங்கியதும் மேடைக் குரல் மெல்ல நாவலுக்குள்ளேயே குடிவந்துவிட்டது.

வாழ்க்கை விவரங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவற்றைத்தான் அவர் ஆயிரம் மேடைகளில் சொல்லிவிட்டாரே. 1948 மார்ச் 4 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். வைத்த பெயர் லீ எர்ல் எல்ராய். அதன் ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை, எழுத வந்தபோது ஜேம்ஸ் ஆனார். அம்மா ஜெனீவா ஹில்லிகர் ஒரு நர்ஸ். அம்மா இறந்த மறு ஆண்டு, பிறந்தநாள் பரிசாக அப்பா ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தார்: லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் துறையைப் பற்றி ஜாக் வெப் எழுதிய ‘தி பேட்ஜ்’. அதில் எலிசபெத் ஷார்ட் கொலை பற்றிச் சில பக்கங்கள் வருகின்றன. 1947 ஜனவரியில் ஒரு காலி மனையில் இரண்டாக வெட்டப்பட்டுக் கிடந்த இளம்பெண் அவர், பத்திரிகைகள் ‘பிளாக் டாலியா’ என்று பெயர் சூட்டிய கொலை அது. துப்புத் துலங்காத இரண்டு கொலைகள், இரண்டு பெண்கள். பையனின் மனதில் இருவரும் ஒருவராகக் கலந்துவிட்டார்கள். 1965இல் அப்பாவும் போனார். பிறகு குடி, மூக்கடைப்பு இன்ஹேலரை உடைத்து உள்ளிருக்கும் பஞ்சை விழுங்கும் போதை, ஹான்காக் பார்க் பகுதியின் பணக்கார வீடுகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைவது, சில்லறைக் குற்றங்களுக்காக ஜெயில். 1977இல் குடியை விட்டார். கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தபடியே முதல் நாவலை எழுதினார்.

அந்த முதல் நாவல் ‘பிரவுன்ஸ் ரெக்வியம்’, 1981. தனியார் துப்பறிவாளர் ஒருவர் தன் கதையைத் தானே சொல்கிறார். துப்பறியும் நாவலின் முன்னோடிகளில் ஒருவரான ரேமண்ட் சாண்ட்லரின் நிழல் பக்கத்துக்குப் பக்கம் விழுந்திருக்கும். சாண்ட்லரைப் பிற்காலத்தில் எல்ராய் கடுமையாகவே தள்ளிவைத்தார், டேஷியல் ஹாமெட்டும் ஜோசப் வாம்பாவும்தான் தனக்கு ஆசான்கள் என்றார். வாம்பா லாஸ் ஏஞ்சல்ஸில் போலீஸ்காரராக இருந்து எழுத வந்தவர். தனியார் துப்பறிவாளர் என்ற தனிமனித வீரனை விட்டுவிட்டு எல்ராய் போலீஸ் துறைக்குள் நுழைந்ததற்கு அந்த வாசிப்பு பெரிய காரணம். 1982இல் வந்த ‘கிளாண்டஸ்டைன்’ நாவலிலேயே கதைநாயகன் போலீஸ்காரன், கொல்லப்படும் பெண்ணின் சாயலும் யாரென்று தெரியும். அதன்பின் லாயிட் ஹாப்கின்ஸ் என்ற துப்பறியும் அதிகாரியை வைத்து மூன்று நாவல்கள். அவற்றை இன்று எல்ராய் ஆய்வாளர்களைத் தவிர வேறு யாரும் தேடிப் படிக்கத் தேவையில்லை. கோபம் நிறைய இருக்கிறது, அதற்கேற்ற வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.

1987இல் ‘தி பிளாக் டாலியா’. பக்கி பிளைகெர்ட் என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர், இப்போது போலீஸ்காரர், தன் குரலில் சொல்லும் கதை. நிறைவான வாக்கியங்கள், விரிவான இடவர்ணனை, மரபான நாவலின் நிதானம். இந்த நூலை அவர் அம்மாவுக்கே காணிக்கையாக்கினார். அதோடு இன்னொன்றும் நடந்தது. எலிசபெத் ஷார்ட்டைப் பற்றி எழுதியவரின் சொந்தத் தாயும் துலங்காத கொலையில் இறந்தவர் என்ற செய்தியைப் பேட்டிக்குப் பேட்டி அவரே எடுத்துக் கொடுத்தார். புத்தகம் விற்றது. தாயின் சாவை விற்பனைக்குப் பயன்படுத்தினேன் என்று ஒன்பது ஆண்டுகள் கழித்து அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

அடுத்தது ‘தி பிக் நோவேர்’, 1988. ஒற்றைக் குரல் போய் இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு முன்னாள் போலீஸ்காரர் என மூவரின் பார்வைகள் மாறி மாறி வருகின்றன. மூவர் கண்வழியாகக் கதை சொல்லும் இந்த அமைப்பைத்தான் பின்வந்த பெரும்பாலான நாவல்களில் அவர் கைவிடவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. வாசகருக்கு மட்டும் மூன்றும் தெரியும், ஆனாலும் முழுதாகத் தெரியாது. கதையின் அழுத்தம் அந்த இடைவெளியில்தான் உருவாகிறது.

பிறகு 1990, ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்’. 1950 முதல் 1958 வரை நீளும் கதை. எட்டு ஆண்டுகள், மூன்று நாயகர்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகிய கிளைக்கதைகள். கைப்பிரதி அளவுமீறி வளர்ந்துவிட்டது. பக்கத்தைக் குறைக்கச் சொன்னது பதிப்பகம். கிளைக்கதை ஒன்றை உருவினால் மொத்தக் கட்டடமும் சரியும் என்பதால் எல்ராய் காட்சிகளில் கைவைக்கவில்லை, சொற்களில் கைவைத்தார். ஒவ்வொரு வாக்கியமாகப் போய், எது இல்லாமலும் அர்த்தம் நிற்குமோ அந்தச் சொல்லை எடுத்தார். தந்தி நடை என்று பேர்பெற்ற அவருடைய நடை பிறந்தது அப்படித்தான். இதே கதையை 1992இல் வந்த ‘ஒயிட் ஜாஸ்’ நாவலோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வெட்டு முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் எலும்பு வரை போயிருப்பது கண்ணுக்கே தெரியும்.

இந்த வெட்டு எப்படி வேலைசெய்கிறது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தமிழிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கீழே உள்ளது எந்த நாவலிலிருந்தும் எடுத்ததல்ல, விளக்கத்துக்காக அமைத்தது.

“இரவு பதினொன்றரை மணிக்கு மோட்டல் வாசலில் காரை நிறுத்திவிட்டு, மேலாளரிடம் சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறிய அதிகாரி, ஏழாம் அறைக் கதவு ஏற்கெனவே திறந்திருப்பதைக் கண்டதும், தனக்கு முன்பே யாரோ வந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு துப்பாக்கியை உருவினார்.”

முதல் வெட்டு: “இரவு பதினொன்றரை. மோட்டல் வாசலில் காரை நிறுத்தினார். சாவி வாங்கினார். மாடி ஏறினார். ஏழாம் அறை. கதவு திறந்திருந்தது. துப்பாக்கியை உருவினார்.”

இரண்டாம் வெட்டு: “பதினொன்றரை. மோட்டல். சாவி, மாடிப்படி. ஏழு: திறந்த கதவு. கையில் துப்பாக்கி.”

முதல் வெட்டில் போனவை வினையெச்சங்கள். நிறுத்திவிட்டு, வாங்கிக்கொண்டு, கண்டதும், புரிந்துகொண்டு: இவைதான் தமிழ் வாக்கியத்தில் ஒரு செயலை இன்னொரு செயலோடு ஒட்டும் பசை. எச்சங்களையெல்லாம் முற்றுகளாக்கினால் ஒவ்வொரு செயலும் தனித்து நின்று அடிக்கிறது. இரண்டாம் வெட்டில் வினைமுற்றுகளும் போய்விட்டன. கண்ணில் படும் பொருள்கள் மட்டும் மிச்சம். கவனிக்க வேண்டிய இழப்பு வேறொன்று: ‘தனக்கு முன்பே யாரோ வந்துவிட்டார்கள்’ என்ற ஊகம் பக்கத்திலிருந்தே மறைந்துவிட்டது. அந்த ஊகத்தைச் செய்யும் பொறுப்பு இப்போது வாசகருடையது. அந்த அறை பூட்டியிருக்க வேண்டிய அறை என்று முன்பே வாசகருக்குத் தெரிந்திருந்தால் இரண்டாம் வெட்டு மின்சாரம்போலப் பாயும். தெரியாவிட்டால் அது வெறும் சாமான் பட்டியல்.

இங்கே ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழில் ‘உருவினார்’ என்றாலே ஆள், எண், காலம் எல்லாம் வந்துவிடுகின்றன, எழுவாயைச் சொல்லத் தேவையில்லை. ஆங்கில வினை அப்படி ஆளைக் காட்டாது. அதனால் குறுவாக்கியங்களை அடுக்கும்போது எல்ராய்க்கு இரண்டே வழிகள். ஒன்று, எழுவாயையும் வினையையும் சேர்த்தே தூக்கிவிட்டுப் பெயர்ச்சொற்களையும் கோடுகளையும் நிறுத்துவது. அது ‘ஒயிட் ஜாஸ்’ நடை. மற்றொன்று, வாக்கியத்துக்கு வாக்கியம் பாத்திரத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது. அது 2001இன் ‘தி கோல்ட் சிக்ஸ் தௌசண்ட்’ நடை. பெயர், வினை, பொருள், முற்றுப்புள்ளி. மறுபடி அதே பெயர். தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் அடுக்கு ஆங்கில வாசகரைவிட அதிகமாக உறுத்தும். நம் மொழியில் அது தேவையே இல்லாத ஒன்று என்பதுதான் காரணம்.

‘ஒயிட் ஜாஸ்’ ஏன் வெற்றி பெற்றது? சொல்பவர் ஒரே ஆள். டேவ் கிளைன்: போலீஸ் லெஃப்டினன்ட், வழக்கறிஞர், சேரி வீடுகளை வாடகைக்கு விடுபவர், மாஃபியாவுக்காகக் கொலை செய்பவர். காலம் 1958. எல்லாப் பக்கமும் வலை நெருங்கும் மனிதனின் மூளை ஓடும் வேகம்தான் அந்த நடை. துண்டு வாக்கியம் அங்கே ஒரு பாத்திரத்தின் மூச்சு. நாற்பது பக்கம் தாக்குப்பிடித்தால் வாசகரின் மூச்சும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

‘தி கோல்ட் சிக்ஸ் தௌசண்ட்’ தடுமாறியதற்கும் இதே அளவுகோலால் காரணம் சொல்லலாம். அது படர்க்கையில் சொல்லப்படுகிறது, பார்வைகள் மூன்று. வெய்ன் டெட்ரோ இளம் லாஸ் வேகாஸ் போலீஸ்காரன், வார்டு லிட்டல் சட்டம் படித்த முன்னாள் எஃப்.பி.ஐ. ஆள், பீட் பான்டுரண்ட் அடியாள். மூவரும் வேறுவேறு அறிவும் வேறுவேறு குற்றவுணர்வும் கொண்டவர்கள். ஆனால் மூவருடைய அத்தியாயங்களும் ஒரே தாளத்தில் தட்டுகின்றன. யாருடைய தலைக்குள் இருக்கிறோம் என்பதைப் பெயரைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் கதையின் பரப்பு. 1963 நவம்பரில் கென்னடி கொலையில் தொடங்கி 1968இல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி கொலைகள் வரை, இடையில் வியட்நாம் ஹெராயின், லாஸ் வேகாஸை வாங்கத் துடிக்கும் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ். ஒரு சதியை விளக்க ‘ஏனென்றால்’, ‘ஆனாலும்’, ‘அதற்குள்’ போன்ற இணைப்புச் சொற்கள் வேண்டும். யார் எதற்காக யாரைக் காட்டிக்கொடுத்தார் என்பது அந்தச் சொற்களில்தான் இருக்கும். கத்தி முதலில் வெட்டியது அவற்றைத்தான். கதை சிக்கலாகும் இடத்தில் நடை மேலும் மொட்டையாகிறது. 600 பக்கங்களுக்கு மேல் அப்படியே போகிறது. அந்த நடை கதைக்கு மிகக் கடினமாகிவிட்டது என்று பின்னாளில் எல்ராயே ஒப்புக்கொண்டார். தன் சிறந்த கருவியின் எல்லையை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நாவலாசிரியர்கள் அதிகம் பேர் இல்லை.

அதற்கு முந்தைய ‘அமெரிக்கன் டேப்லாய்ட்’, 1995, இதே மூவர் அமைப்புடன் பிரமாதமாக ஓடுகிறது. 1958 நவம்பர் 22இல் தொடங்கி 1963 நவம்பர் 22இல் முடியும் கதை, சரியாக ஐந்து ஆண்டுகள். வாக்கியம் குறுகியிருக்கிறது, ஆனால் வறண்டுவிடவில்லை. இடையிடையே தொலைபேசி உரையாடல் பதிவுகள், உள்துறைக் கடிதங்கள், ஒட்டுக்கேட்ட பேச்சின் எழுத்துப்படிகள் செருகப்பட்டிருக்கின்றன. விளக்க வேண்டியதையெல்லாம் இந்த ஆவணங்கள் சுமந்துவிடுகின்றன. அதனால் அத்தியாயங்கள் செயலை மட்டும் பார்த்துக்கொள்ள முடிகிறது. தந்தி நடையில் எழுத நினைப்பவர் படிக்க வேண்டிய முதல் பாடம் இது. வெட்டிய விளக்கம் வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தாக வேண்டும்.

இவ்வளவும் தற்செயலாக நடப்பதில்லை. மேடையில் குரைக்கும் மனிதர் வீட்டில் கணக்குப்பிள்ளையைப்போல வேலை செய்பவர். கணினி கிடையாது. பெரிய எழுத்துகளில் கையால் எழுதுகிறார், தட்டச்சு செய்வது வேறொருவர். வரலாற்று நாவல்களுக்கு ஆய்வாளர்களை அமர்த்திக் காலவரிசைக் குறிப்புகளும் தகவல் தாள்களும் தயாரிக்கச் செய்கிறார். இருட்டறையில் படுத்துக்கொண்டு யோசிப்பது, பீத்தோவன் கேட்பது, குறிப்பெழுதுவது. பிறகு வரைவுத் திட்டம். இந்தத் திட்டம்தான் அவர் தொழிலின் மையம். ‘பிளட்ஸ் எ ரோவர்’ நாவலுக்கான திட்டம் மட்டும் சுமார் 400 பக்கம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் யார் எதைத் தெரிந்துகொள்கிறார், எதை மறைக்கிறார், வாசகருக்கு எது எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் அதில் தீர்மானமாகிவிடுகிறது. முன்பு பார்த்த மோட்டல் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். அது பூட்டியிருக்க வேண்டிய கதவு என்ற செய்தி எழுபது பக்கத்துக்கு முன்பே வாசகர் காதில் விழுந்திருக்க வேண்டும். திட்டம் இல்லாமல் இந்த நடையைப் பின்பற்றும் இளம் எழுத்தாளர்களின் கதைகள் ஏன் புதிராக மட்டும் நின்றுவிடுகின்றன என்றால், அவர்கள் எல்ராயின் வெட்டைப் பார்க்கிறார்கள், வெட்டுவதற்கு முன் அவர் கட்டியதைப் பார்ப்பதில்லை. அவருடைய தாள்கள் தென் கரோலினா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

இப்போது மேடைக்கு வருவோம். நெடிய உருவம், வழுக்கைத் தலை, வட்டக் கண்ணாடி, ஹவாய்ச் சட்டை, சில சமயம் போ டை. வந்ததும் அவையோரை வாழ்த்துகிறார்: எட்டிப்பார்ப்பவர்களே, இருளில் திரிபவர்களே என்று தொடங்கி ஒரே ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும் வசைச்சொற்களின் நீண்ட அடுக்கு. பிறகு தன்னையே அறிமுகம் செய்துகொள்கிறார். அவர் ‘டீமன் டாக்’, பேய் நாய். ஊளையிடுகிறார், குரைக்கிறார். அடுக்குமொழி மேடைகளைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு அதன் உத்தி உடனே பிடிபடும். மோனைதான் அதன் இயந்திரம். மோனை வந்தால் மனப்பாடம் எளிது, கைத்தட்டல் எங்கே விழும் என்பதும் முன்கூட்டியே தெரியும். 1993இல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்தின் தலைப்பிலேயே இந்தப் பேய் நாய் ஏறிவிட்டது. பிரான்சில் ரிவாஜ் பதிப்பகத்தின் வழியே அவருக்குக் கிடைத்த பெரும் வரவேற்பும் இந்த வேடத்தை ஊட்டி வளர்த்தது.

மோனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நடையின் வேரும் வேடத்தின் வேரும் ஒரே மண்ணில் இருப்பது தெரிகிறது. 1950களில் அமெரிக்காவில் ‘கான்ஃபிடென்ஷியல்’ என்றொரு வதந்திப் பத்திரிகை. ராபர்ட் ஹாரிசன் 1952இல் தொடங்கியது. ஹாலிவுட் நட்சத்திரங்களின் படுக்கையறை, போதை, அரசியல் ரகசியங்களை மோனை ததும்பும் கிண்டல் நடையில் அச்சிட்டு லட்சக்கணக்கில் விற்றது. 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் அதன்மீது நடந்த வழக்கு ஹாலிவுட்டையே நடுங்க வைத்தது. எல்ராயின் சிறுவயது லாஸ் ஏஞ்சல்ஸ் இந்தப் பத்திரிகை படித்த நகரம். ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்’ நாவலில் ‘ஹஷ்-ஹஷ்’ என்ற கற்பனைப் பத்திரிகையின் பக்கங்களை அதே பாணியில் எழுதிச் செருகினார். அந்தப் பக்கங்களை உரக்கப் படித்துப் பாருங்கள், மேடையில் அவர் பேசும் பேச்சு அப்படியே கேட்கும். நாவலில் ஓரமாக இருந்த ஒரு குரலை எடுத்து மேடைக்குத் தன் குரலாக்கிக்கொண்டார். கதையின் உடலிலிருந்து சொற்களை வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வெட்டிய கொழுப்பெல்லாம் மேடையில் சேர்ந்ததுபோல இருந்தது.

இந்த வேடத்தால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. நன்மை அவருக்கு: பேட்டி எடுப்பவர் யாராக இருந்தாலும் அதே இன்ஹேலர் கதை, அதே ஹான்காக் பார்க் திருட்டு, அப்பாவின் அதே கடைசி வார்த்தைகள். வெவ்வேறு ஆண்டுகளின் பேட்டிகளை வரிசையாகப் படித்தால் சொற்றொடர்கூட மாறாமல் வருவதைப் பார்க்கலாம். மிகத் திறந்து பேசுவதுபோலத் தோன்றும் மனிதர் உண்மையில் புதிதாக எதையும் தருவதில்லை. செய்தித்தாள் படிப்பதில்லை, நிகழ்காலம் தனக்கு வேண்டாம் என்று சொல்வதும் இதே கதவடைப்பின் பகுதி.

கேடு நாவல்களுக்கு. அவர் படர்க்கையில் எழுதும்போதும் கதைசொல்லியின் மொழி அந்தந்தப் பாத்திரத்தின் மொழியாகவே இருக்கும். 1950களின் வெள்ளைப் போலீஸ்காரன் கறுப்பரையும் மெக்சிகரையும் யூதரையும் ஒருபால் ஈர்ப்பாளரையும் எப்படி அழைப்பானோ அந்த வசைகள் கதைசொல்லியின் வாயிலேயே வரும். இது ஒரு துல்லியமான உத்தி. அதிகாரம் உள்ளிருந்து எப்படி நாறுகிறது என்று காட்டுகிறது. ஆனால் அதே ஆசிரியர் மேடையில் நின்று தன்னைத் தீவிர வலதுசாரியின் வெள்ளை வீரன் என்று முழங்கும்போது, பாத்திரத்தின் வெறுப்புக்கும் ஆசிரியரின் குரலுக்கும் நடுவே இருந்த மெல்லிய சுவர் இடிந்துவிடுகிறது. வாசகர் சந்தேகப்படுவது நியாயம்தான். நாவல்கள் அந்த மேடைப்பேச்சைவிட எவ்வளவோ நுட்பமானவை என்பதே என் உறுதியான கருத்து. ‘தி பிக் நோவேர்’ நாவலில் டேனி அப்ஷா என்ற இளம் அதிகாரி தன் சொந்த ஈர்ப்பைத் தன்னிடமிருந்தே மறைக்கப் போராடும் பக்கங்களை எழுதியவர் வெறுப்பை மட்டும் அறிந்தவராக இருக்க முடியாது.

2001இல் அந்த வேடமும் உடைந்தது. ‘தி கோல்ட் சிக்ஸ் தௌசண்ட்’ நூலுக்கான ஊர்ப்பயணத்தின்போது பதற்றமும் தூக்கமின்மையும் அவரை வீழ்த்தின. அதைப் பின்னர் அவரே எழுதியிருக்கிறார். நடை அதன் எல்லையைத் தொட்ட அதே ஆண்டில் மேடை மனிதரும் எல்லையைத் தொட்டார் என்பதை ஒதுக்கிவிட முடியவில்லை.

அடுத்த பெரிய நாவலுக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. 2009இன் ‘பிளட்ஸ் எ ரோவர்’ நூலில் வாக்கியம் மூச்சுவிடத் தொடங்குகிறது. அதை அவர் செய்த விதம் கவனிக்கத்தக்கது. ஆண்களின் அத்தியாயங்களில் குறுவாக்கியத்தை முழுவதுமாகக் கைவிடவில்லை. நாட்குறிப்புகளைக் கொண்டுவந்தார், குறிப்பாகக் கேரன் சிஃபாகிஸ் என்ற பெண்ணின் நாட்குறிப்பு. அங்கே நீண்ட வாக்கியம், தயக்கம், காரணம், மனசாட்சி எல்லாம் திரும்புகின்றன. 2014இன் ‘பெர்ஃபிடியா’வில் இது இன்னும் விரிகிறது. 1941 டிசம்பர் 6 முதல் 29 வரை, பேர்ல் ஹார்பர் தாக்குதலைச் சுற்றிய நாட்களில் நடக்கும் கதை. ‘தி பிளாக் டாலியா’வில் வந்த கே லேக் இங்கே தன் நாட்குறிப்பின் வழியே தானே பேசுகிறாள். ஹிடியோ அஷிடா என்ற ஜப்பானிய அமெரிக்கத் தடய நிபுணன், தன் இனத்தாரைச் சுற்றிவளைக்கும் அதே போலீஸ் துறையில் வேலை பார்க்கிறான். எச்சங்களை வெட்டியவர் பெண்களின் குரல் வழியாக அவற்றை மீட்டெடுத்தார் என்று சொல்லலாம்.

பிறகு நடந்ததுதான் வியப்பு. 2021இன் ‘வைட்ஸ்பிரெட் பேனிக்’, 2023இன் ‘தி என்சான்டர்ஸ்’ இரண்டிலும் கதைசொல்லி ஃப்ரெட் ஓடாஷ். இவர் உண்மையில் வாழ்ந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸின் முன்னாள் போலீஸ்காரர், தனியார் துப்பறிவாளர், ‘கான்ஃபிடென்ஷியல்’ பத்திரிகைக்காக வேவு பார்த்தவர், 1992இல் இறந்தவர். முதல் நூலில் ஓடாஷ் மறுமையில் சிறைப்பட்டிருந்து பாவமன்னிப்புக் கேட்கிறார், வாக்கியத்துக்கு வாக்கியம் மோனை. மேடையில் முப்பது ஆண்டுகளாக முழங்கிய குரல் முழு நாவலின் கதைசொல்லியாகிவிட்டது. என் கணிப்பில் அது நூலுக்கு உதவவில்லை. ஐந்து நிமிட மேடையில் சிரிப்பூட்டும் மோனை, முந்நூறு பக்கத்தில் சோர்வூட்டுகிறது. மர்லின் மன்றோ இறந்த 1962இல் நடக்கும் ‘தி என்சான்டர்ஸ்’ நூலில் மோனையின் தளை தளர்ந்திருக்கிறது, நூலும் அதற்கேற்ப நன்றாக இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு வரிசை: ‘தி பிளாக் டாலியா’, ‘தி பிக் நோவேர்’, ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்’, ‘ஒயிட் ஜாஸ்’. இந்த நான்கையும் வெளிவந்த வரிசையில் படித்தால் வாக்கியம் சுருங்குவதை உங்கள் கண்ணே பழகிக்கொள்ளும். ஒரு தாளில் பெயர், பதவி, யாருடைய ஆள் என்று மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் 50 பக்கங்களை இரண்டு முறை படிக்கலாம், நேரம் வீணாகாது. 1997இல் கர்ட்டிஸ் ஹான்சன் எடுத்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு அந்த மூன்றாம் நாவலுக்கு வந்தால் குழப்பம் வரும். படம் எட்டு ஆண்டுக் கதையைச் சுருக்கியது. டட்லி ஸ்மித் என்ற அதிகாரி படத்தில் சாகிறார், நாவலில் உயிரோடு அடுத்த நூலுக்குள் போகிறார். ‘தி கோல்ட் சிக்ஸ் தௌசண்ட்’ நூலில் மட்டும் தொடங்காதீர்கள்.

இந்த வரிசைக்கு வெளியே ஒரு புத்தகம் நிற்கிறது: 1996இன் ‘மை டார்க் பிளேசஸ்’. நினைவுநூல். லாஸ் ஏஞ்சல்ஸ் ஷெரிஃப் துறையிலிருந்து ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த துப்பறியும் அதிகாரி பில் ஸ்டோனரோடு சேர்ந்து அம்மாவின் வழக்கை மீண்டும் திறந்து விசாரித்த கதை. நான்கு பகுதிகள். முதல் பகுதி போலீஸ் அறிக்கை போன்ற வறண்ட படர்க்கை: உடல் கிடைத்த இடம், சாட்சிகள், கார், அன்றிரவு அவரோடு காணப்பட்ட ஆண். எழுதுபவர் மகன் என்பதே தெரியாது. இரண்டாம் பகுதியின் தலைப்பு ‘படத்தில் உள்ள பையன்’. மேடைக் கதைகள் எல்லாம் அங்கே வருகின்றன, ஆனால் கைத்தட்டலுக்கு இடம் விடாமல். மூன்றாவது ஸ்டோனரின் வாழ்க்கை. நான்காவதன் தலைப்பு அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், ஜெனீவா ஹில்லிகர். அவர் எங்கே பிறந்தார், எப்படி இருந்தார், யாராக இருந்தார் என்று தேடிப்போகும் பகுதி. பகுதிகளின் முகப்பில் சில பத்திகள் மட்டும் அம்மாவை நேரே ‘நீ’ என்று விளித்துப் பேசுகின்றன. அங்கே வெட்டும் இல்லை, மோனையும் இல்லை.

கொலையாளி கிடைக்கவில்லை. புத்தகத்தின் முடிவில், வழக்கைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் கூப்பிடுவதற்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று அச்சாகியிருக்கிறது.